ஏழு வருடப் பிஎச்பி வீணா? கொக்குவில் தம்பிக்கு ஒரு பதில்

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 31. ஏழு வருடமாக இணையத்தளம் எழுதுகிற பிஎச்பி மொழியும் தரவைச் சேமிக்கிற மைஎஸ்க்யூஎல் மென்பொருளும்தான் சோறு போடுகின்றன. பள்ளிக்கூடங்களுக்கு மாணவர் பதிவு, கடைகளுக்குப் பில், இரண்டு மூன்று கோயில்களுக்கு இணையத்தளம், இடையில் ஒரு கொழும்பு நிறுவனத்துக்குச் சில வேலைகள். இப்போது வருகிற வேலை விளம்பரங்களில் கிளவுட், ரியாக்ட், பைதன், ஏஐ என்று வேறு பெயர்களாகவே இருக்கின்றன, பிஎச்பி என்ற சொல்லையே காணவில்லை என்கிறார். "எந்த மொழியைப் படித்தால் இன்னும் பத்து வருடத்துக்குச் சந்தையில் நிற்கலாம்?" இதுதான் கேள்வி. கடைசியில், மறந்துபோய்ச் சேர்த்ததுபோல, "மகளுக்கு எட்டு மாதம், யாழ்ப்பாணத்தை விட்டுப் போகிற யோசனை இல்லை" என்றும் எழுதியிருக்கிறார்.

அந்தக் கடைசி வரியோடு சேர்த்துப் படித்தால் கேள்வி வேறு. மொழியின் பெயரைச் சொல்வது ஒரு நிமிட வேலை. இந்த ஏழு வருடமும் கரைந்துபோய்விட்டதா, இனி இரவில் கண்விழித்துப் படிக்கப்போவதும் இன்னொரு ஏழு வருடத்தில் இப்படியே கரையுமா, ஊரில் இருந்துகொண்டே இதைச் சமாளிக்கலாமா என்று தம்பி கேட்கிறார். எனக்கு விளங்கிய கேள்வி அது. அதற்குத்தான் பதில் எழுதப் பார்க்கிறேன்.

நான் யார் என்று சொல்லாமல் புத்தி சொன்னால் நன்றாயிராது. 1999 இல் வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறையில் தங்கியிருந்து மைக்ரோசொப்டின் விஷுவல் பேசிக் 6 (சுருக்கமாக விபி) என்ற கணினி மொழி படித்தவன். அது வெளிவந்து அப்போது ஒரு வருடம். பெட்டியை இழுத்துப் போட்டு, பொத்தானை வைத்து, இரண்டு வரி எழுதினால் புரோகிராம் ஓடும். உலகத்தில் இதைவிட வேறு என்ன வேண்டும் என்று நினைத்தேன். 2002 இல், போரால் மூடியிருந்த, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்ததும் யாழ்ப்பாணம் வந்து இரும்புக்கடை, மருந்துக்கடை, அரிசி மொத்த வியாபாரம் என்று பில் போடுகிற மென்பொருள் எழுதத் தொடங்கினேன். அதே 2002 இல்தான் மைக்ரோசொப்ட் விபி டொட்நெட்டை வெளியிட்டது. பெயர் மட்டும்தான் அதே விபி. உள்ளே எல்லாம் வேறு. என் பழைய புரோகிராம்கள் அதில் அப்படியே ஏறவில்லை. எனக்கு ஒரு பாதை திறந்த வருடத்தில் இன்னொரு பாதை மூடப்பட்டது, ஆனால் அதைக் கவனிக்க எனக்கு ஆறு வருடம் எடுத்தது. பழைய விபியையே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். 2008 ஏப்ரலில் அதற்கான மைக்ரோசொப்டின் ஆதரவும் நின்றது.

2010 இல் கொழும்புக்கு வேலை தேடிப் போனபோது முதல் இரண்டு நேர்முகத்திலும் பத்து நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். கேட்ட சொற்களில் பாதி எனக்குத் தெரியாது. மூன்றாவது இடத்தில் இருந்த ஒரு வயதான ஐயா மொழியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "போன மாதம் போட்ட பில்லுக்குரிய சாமானை இந்த மாதம் திருப்பிக் கொண்டுவந்தால் சரக்குக்கு என்ன நடக்கும், கணக்குக்கு என்ன நடக்கும், வரிக்கு என்ன நடக்கும்?" என்று கேட்டார். நான் அரை மணித்தியாலம் கதைத்தேன். திகதி பின்போட்ட காசோலை திரும்பி வந்தால் கடன் கணக்கில் என்ன செய்யவேண்டும் என்பதுவரை போனேன். வேலை கிடைத்தது. சி ஷார்ப் மொழியை அந்தக் கதிரையில் இருந்துகொண்டே மூன்று மாதத்தில் படித்தேன். இப்போது ஊருக்குத் திரும்பி வந்து, வெளிநாட்டு வேலைகளும் உள்ளூர் வேலைகளும் செய்கிறேன். கூட நாலு பிள்ளைகள் வேலை செய்கிறார்கள், அவர்களைத் தெரிவு செய்ததும் நான்தான். ஆகவே மேசையின் இரண்டு பக்கத்திலும் இருந்து பார்த்த அளவுக்குச் சொல்கிறேன்.

என்னிடம் இருந்து கழன்று விழுந்தது எது என்று பின்னால் எண்ணிப் பார்த்தேன். திரையில் பெட்டி வைக்கிற வித்தை, அக்டிவ்எக்ஸ் என்ற ஆயத்தத் துண்டுகளின் பெயர்கள், நிறுவுகிறபோது வருகிற பிழைகளுக்கான கைமருந்துகள். நாளாந்தம் அதிக நேரம் செலவழித்ததும் இவற்றில்தான், ஆகவே போனபோது எல்லாம் போய்விட்டதுபோல இருந்தது. மிஞ்சியது எஸ்க்யூஎல், அதாவது தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கிற மொழி. ஐபிஎம்மில் இருந்த கொட் என்பவர் அட்டவணைகளாகத் தரவை வைக்கலாம் என்று கட்டுரை எழுதியது 1970 இல். அதற்குரிய மொழி அங்கேயே 1974 அளவில் உருவாகி, 1986 இல் அமெரிக்கத் தரநிலை ஆனது. 2003 இல் மைக்ரோசொப்டின் அக்சஸ் தரவுத்தளத்துக்கு நான் எழுதிய விசாரிப்புகளைச் சில்லறைத் திருத்தங்களோடு இன்றைக்குப் போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தளத்தில் ஓட்டலாம். இடையில் எத்தனை திரைத் தொழில்நுட்பம் வந்து போனது! சிம்பியன் என்ற கைத்தொலைபேசி இயங்குதளத்தை நோக்கியா 2011 இல் கைவிட்டது. இணையத்தில் அசைபடம் காட்டிய பிளாஷ் 2020 டிசம்பர் 31 ஓடு முடிந்தது. பிளாஷில் மாணவர்களுக்குப் பாட சீடி செய்துகொண்டிருந்த என் நண்பன் ஒருவன் அன்றைக்கு உண்மையாகவே ஒரு சாவீட்டுக்குப் போய்வந்தவன்போல இருந்தான்.

சரி, இதுவரைக்கும் நிச்சயமாகச் சொல்லலாம். பாவிப்பவர் கண்ணுக்குத் தெரிகிற அடுக்கு சீக்கிரம் மாறும், அதற்குக் கீழே போகப்போக மெதுவாக மாறும். 1983 ஜனவரியில் இணையத்தின் முன்னோடி வலையமைப்பு டிசிபி/ஐபி என்ற தொடர்பு விதிமுறைக்கு மாறியது, நாங்கள் இன்னமும் அதில்தான் இருக்கிறோம். சி மொழி 1972 அளவில் வந்தது. லினக்ஸ் சேர்வரில் (இணையத்தளத்தை ஓட்டுகிற கணினியில்) தம்பி தினமும் அடிக்கிற கட்டளைகளில் கனக்க, லினக்ஸுக்கு முந்திய யூனிக்ஸ் இயங்குதளக் காலத்தவை. ஆனால் "அடிப்படையைப் படி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற ஆக்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அடிப்படை தெரிந்த எத்தனையோ பேர் வேலை இல்லாமல் இருக்கிறார்கள், ஏனென்றால் அடிப்படை தனியே விலைபோகாது. அது ஏதாவது ஒன்றில் ஏறி நிற்கவேண்டும்.

நான் கண்ட அளவில் அது அதிகம் விலைபோகிற இடம் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றைப் பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு உடையாமல் கொண்டுபோய் வைக்கிற வேலை. தளம் (மொழியும் அதைச் சுற்றிய கருவிகளும்) மாறும்போதெல்லாம் எல்லாரும் புதிய தளத்தில் புதிதாகக் கட்டுகிறவர்களைத்தான் தேடுகிறார்கள் என்று நினைக்கிறோம். விளம்பரத்திலும் அப்படித்தான் எழுதுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் வேலை இருபது வருடப் பழைய தரவை என்ன செய்வது என்பதுதான். அதற்குப் பழையதும் தெரியவேண்டும், புதியதும் தெரியவேண்டும். புதியது மட்டும் தெரிந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளையோடு தம்பி போட்டி போடவேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்குத் தெரியாத பாதி தம்பியிடம் ஏற்கெனவே இருக்கிறது.

எங்கள் ஊர் ஆக்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். பாமினி எழுத்துரு. யாழ்ப்பாணத்தில் தட்டச்சுக் கடை வைத்திருந்தவர்களுக்கெல்லாம் பாமினிதான் தமிழ். "அம்மா" என்று அடிக்க ஆங்கில விசைகளில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டவேண்டும். கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது. ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டதுபோல. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கிற யூனிக்கோட் முறை பரவியபோது இரண்டு கூட்டம் பிரிந்தது. ஒன்று, பாமினி விசைகளை மட்டும் விரல்நுனியில் வைத்திருந்த கூட்டம். மற்றது, ஏன் பாமினி கோப்பை வேறு கணினியில் திறந்தால் குப்பையாகத் தெரிகிறது என்று ஒருக்காவாவது யோசித்த கூட்டம். இரண்டாவது கூட்டத்துக்கு எத்தனையோ வருடம் வேலை இருந்தது, இன்னமும் இருக்கிறது. நான் ஒரு சங்கத்தின் பழைய மலர்களையும் கூட்டக் குறிப்புகளையும் யூனிக்கோடுக்கு மாற்றிக்கொடுத்தேன். வெறும் எழுத்து மாற்று அட்டவணை போதும் என்றுதான் தொடங்கினேன். பாமினியில் ஒற்றைக் கொம்பு கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில் மெய்க்கு முன்னால் வரும், யூனிக்கோட்டில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். ஆகவே "கொ" வில் எழுத்தை மாற்றினால் மட்டும் போதாது, இடத்தையும் மாற்றவேண்டும். இடையில் வந்த ஆங்கிலச் சொற்களைப் பாமினி என்று நினைத்து மாற்றினால் விசித்திரமான தமிழ் வரும். ஒரு தலைவரின் பட்டங்கள் அப்படி மாறி வந்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம்.

அதில் படித்த ஒன்று இன்றைக்கும் எனக்குக் காசு தருகிறது. திரையில் ஒரேமாதிரித் தெரிகிற இரண்டு சொற்கள் உள்ளே ஒன்றாக இருக்கவேண்டும் என்று இல்லை. "கொ" வை ககரமும் ஒரே உயிர்க்குறியுமாகச் சேமிக்கலாம், ககரமும் கொம்பும் காலுமாகவும் சேமிக்கலாம். "ஸ்ரீ" இன்னும் மோசம். கிரந்த எழுத்தான "ஸ" வை வைத்தும் எழுதலாம், பிறகு யூனிக்கோட்டில் சேர்க்கப்பட்ட "ஶ" வை வைத்தும் எழுதலாம், கன எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. ஸ்ரீதரனும் ஸ்ரீகாந்தும் தெருவுக்கு நாலு பேர் இருக்கிற ஊரில், பெயரைத் தேடினால் பாதிப் பேர் கிடைக்கமாட்டார்கள். "ஔவை" என்பதற்குப் பதில் ஒகரமும் ளகரமும் அடித்தவர்கள் தனிக் கூட்டம். இந்தப் பிரச்சினை பிஎச்பியிலும் வரும், ஜாவாவிலும் வரும், நாளைக்கு வரப்போகிற எதிலும் வரும்.

இன்னொன்று வரி. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 இலிருந்து 8 வீதமாகக் குறைந்தது. 2022 ஜூனில் 12. அதே வருடம் செப்டெம்பரில் 15. 2024 ஜனவரியில் 18. அந்த எண்ணை புரோகிராமுக்குள் நேரே எழுதிவைத்தவர்களின் கடைகளுக்கு நான் ஓடிய ஓட்டம் கொஞ்சமில்லை. எண்ணை மாற்றுவது கடினமில்லை. ஆனால் மாற்றியவுடன் பழைய பில்லைத் திருப்பி அச்சடித்தால் அதிலும் புதிய வரி வந்துவிடும். வரிவீதத்தைத் தொடங்கும் திகதியோடு தனி அட்டவணையில் வைக்கவேண்டும் என்பது ஒரு மொழிக்குரிய அறிவா? கடை தெரிந்தவனுக்குரிய அறிவு. தம்பி பள்ளிக்கூடங்களுக்கும் கடைகளுக்கும் ஏழு வருடம் செய்திருக்கிறார். இந்தமாதிரி நூறு விடயம் அவர் தலைக்குள் இருக்கும், அவற்றுக்கு அவர் விலை போட்டிருக்கமாட்டார்.

ஆகவே என்ன செய்யவேண்டும் என்று கேட்டால், புதிய தளத்தைக் காணொளி பார்த்து, அதில் வருகிற செய்யவேண்டிய வேலைப் பட்டியல் மென்பொருளைத் திருப்பிக் கட்டிப் படிக்காதீர்கள். உங்களுடைய சொந்த மென்பொருள் ஒன்றை, பள்ளிக்கூடப் பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள், அதை நகர்த்துங்கள். முதலில் பிஎச்பிக்குள்ளேயே. பழைய மைஎஸ்க்யூஎல் கட்டளைகள் 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7 இல் நீக்கப்பட்டுவிட்டன, 7.4 க்கான ஆதரவும் 2022 நவம்பரில் முடிந்தது. இன்றைக்கும் ஊரில் எத்தனை இணையத்தளங்கள் அதற்குக் கீழான பதிப்புகளில் ஓடுகின்றன என்று உங்களுக்கே தெரியும். உங்களுடையதை 8 க்கு ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு முன் அது இப்போது என்ன செய்கிறது என்பதைச் சோதிக்கிற சின்னச் சோதனைகளை எழுதுங்கள், எழுதாமல் ஏற்றினால் எது உடைந்தது என்று பெற்றோர் தொலைபேசி எடுத்துத்தான் சொல்லுவார்கள்.

பிறகு தரவை மைஎஸ்க்யூஎல்லில் இருந்து போஸ்ட்கிரெஸ்ஸுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். போகிற வழியில்தான் படிப்பு நடக்கும். பிறந்த திகதி தெரியாத பிள்ளைக்கு எல்லாம் பூச்சியமாகப் போட்டிருப்பீர்கள், மைஎஸ்க்யூஎல் பழைய அமைப்பில் அதைப் பேசாமல் வாங்கியிருக்கும், போஸ்ட்கிரெஸ் அப்படி ஒரு நாள் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும். அப்போதுதான் "தெரியாது" என்பதைத் தரவில் எப்படி எழுதுவது என்று யோசிப்பீர்கள். யூனிக்கோட் எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப்8 முறை என்று மைஎஸ்க்யூஎல் சொன்னது உண்மையில் ஒரு எழுத்துக்கு மூன்று பைட்டோடு நின்றுவிடும் என்பதும் தெரியவரும். தமிழ் எழுத்துக்கு மூன்று பைட் போதும் என்பதால் இத்தனை நாளும் அது உங்களுக்குத் தெரியாமலே இருந்திருக்கும், ஒரு ஆசிரியர் குறிப்பில், நாலு பைட் கேட்கிற சிரிப்பு முகம் போடுகிற நாள்வரைக்கும். இதன்பிறகு அதே மென்பொருளின் ஒரு பகுதியை, புள்ளி அறிக்கையை வைத்துக்கொள்வோம், வேறு மொழியில் எழுதுங்கள். இது எண், இது சொல் என்று தரவின் வகையைக் கண்டிப்பாகக் கேட்கிற மொழியாக இருந்தால் நல்லது. கொழும்பு வேலைகளைப் பார்த்தால் ஜாவா அல்லது சி ஷார்ப். வெளிநாட்டுச் சின்ன நிறுவனங்கள் என்றால் டைப்ஸ்கிரிப்ட். பிஎச்பிக்குப் பழகிய கைக்கு முதல் மாதம் எரிச்சலாக இருக்கும். ஒரே மென்பொருளை இரண்டு மொழியில் எழுதியவனுக்குத்தான் எது மொழியின் குணம், எது வேலையின் குணம் என்று பிரித்துத் தெரியும். கடைசியாக அதை ஒரு வாடகைச் சேர்வரில் உங்கள் கையாலேயே நிறுவுங்கள், காப்புப் பிரதியில் இருந்து ஒருக்காவாவது திருப்பி எழுப்பிப் பாருங்கள். காப்புப் பிரதி எடுக்கிறவர்கள் ஏராளம், அதைத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. கிளவுட் என்று விளம்பரத்தில் போடுவதில் பெரும்பங்கு இதுதான், பெயர்கள்தான் கூட.

எங்கள் அப்பாவின் தலைமுறைக்கு இது புதிதில்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் கண்ணுக்குத் தெரியாத காலத்தில் மோட்டார் சைக்கிளுக்குச் சொட்டுப் பெற்றோல் காட்டிக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எங்கள் வீதியில் இருந்த மெக்கானிக் அதைச் செய்ததற்குக் காரணம் அவருக்கு எரிபொருள் எங்கே போய் எப்படி எரிகிறது என்று தெரிந்ததுதான். பெற்றோல் திரும்பி வந்தபோது அவரிடம்தான் முதலில் கூட்டம், மண்ணெண்ணெய்க் கரியைச் சுத்தம் செய்ய. போகும்போதும் அவருக்கு வேலை, வரும்போதும் அவருக்கு வேலை.

பழையதிலேயே இருந்து பிழைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆளுநர் கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டாரே, அது 1959 இல் தொடங்கிய மொழியாச்சே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வேலை அந்தக் கட்டடங்களுக்குள் ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு. கோண்டாவிலில் இருந்துகொண்டு கோபோல் படித்து அங்கே போய்ச் சேரமுடியும் என்று நான் நம்பவில்லை. பிஎச்பி அப்படியில்லை. அதில் ஓடுகிற தளங்கள் இன்னும் உலகம் முழுக்க இருக்கின்றன, அவற்றுக்கு ஆள் தேவை, ஆனால் சம்பளம் கீழே இழுபடும். அதில் நிற்கலாம், அதில் மட்டும் நிற்கக்கூடாது.

சான்றிதழ் பற்றியும் கேட்பீர்கள், ஆகவே சுருக்கமாக. அமேசன் கிளவுட் சான்றிதழ் மூன்று வருடத்தில் காலாவதியாகும், மைக்ரோசொப்டின் பெரும்பாலானவற்றை வருடாவருடம் புதுப்பிக்கவேண்டும். கடைப் பால் பக்கெற்றில் இருக்கிற திகதிபோல அதிலேயே எழுதியிருக்கிறது. அமேசனின் இடைநிலைப் பரீட்சைக்கு 150 டொலர், எங்கள் காசில் அது சின்னத் தொகை இல்லை. ஆள்சேர்ப்புப் பிரிவு விண்ணப்பத்தை வடிகட்டுகிற பெரிய இடங்களுக்கு ஒன்று இருந்தால் உதவும். நிறுவனம் காசு கட்டுமென்றால் எழுதுங்கள். கைக்காசில் இரண்டாவது எடுக்காதீர்கள்.

இப்போது நிச்சயமில்லாத பக்கம். 2022 நவம்பர் 30 இல் சட்ஜிபிடி வந்ததிலிருந்து என் மேசையில் வேலை மாறிவிட்டது. ஒரு படிவத்துக்கு, ஒரு அறிக்கைக்கு முன்பு ஒரு நாள் எடுத்த கோட் (புரோகிராம் வரிகள்) இப்போது தேநீர் ஆறுவதற்குள் வந்துவிடுகிறது. கோட் எழுதும் வேகத்துக்காக மட்டும் ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்கிற காலம் என் கடையில் முடிந்துவிட்டது, அது எனக்கு உறுதி. இது எவ்வளவு தூரம் போகும், புதிதாக வெளியே வருகிற பிள்ளைகளுக்கு முதல் வேலை எங்கே கிடைக்கும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருக்கிறது என்று சொல்கிறவர்கள் கூடுதலாக எதையோ விற்கிறவர்களாக இருக்கிறார்கள். நான் கண்டதை மட்டும் சொல்லலாம். பணத்தை இரும மிதவைப் புள்ளி எண்ணில் (பின்னங்களைக் கிட்டத்தட்டவே சேமிக்கிற எண்வகையில்) வைத்து எழுதிய கோட்டை ஏஐ எனக்குத் தந்திருக்கிறது. அந்த வகையில் 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும், ஆயிரம் பில்லுக்குப் பிறகு காசுப்பெட்டிக்கும் கணக்குக்கும் சதம் சதமாக இடிக்கலாம். அதைப் பார்த்தவுடன் பிடிக்கிற கண்ணுக்கு விலை கூடியிருக்கிறது.

இன்னொரு சம்பவம். 2006 ஓகஸ்ட்டில் ஏ9 மூடப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்துக்குச் சரக்கு கப்பலில் வந்தது. அப்போது ஒரு மொத்தக் கடைக்கு நான் எழுதிய மென்பொருளின் அட்டவணையில் கப்பல் கூலிக்கு ஒரு நிரல் (மேலிருந்து கீழே போகிற பத்தி) சேர்த்தேன். பாதை திறந்த பிறகு அந்த நிரலில் எல்லாம் பூச்சியம். பல வருடம் கழித்து அதை இணையத்துக்கு மாற்றியபோது என்னோடு வேலை செய்த பெடியன், கெட்டிக்காரன்தான், பாவிப்பில் இல்லை என்று அந்த நிரலை எடுத்துவிட்டான். 2006, 2007, 2008 வருடங்களின் இலாபம் திடீரென்று ஏறிக் காட்டியது. முதலாளி, "அந்த வருடங்களில் நான் இவ்வளவு உழைத்திருந்தால் இப்ப கனடாவில் இருந்திருப்பேன்" என்றார். பிழை என்னுடையதும்தான், ஏன் அந்த நிரல் என்று ஒரு வரி எழுதிவைத்திருக்கவில்லை. அண்மையில் அதே பழைய கோட்டை ஏஐயிடம் கொடுத்துப் பார்த்தேன். அதுவும் அந்த நிரல் தேவையில்லை, நீக்கலாம் என்றே சொன்னது. கோட்டுக்குள் பாதை மூடிய கதை இல்லையே.

ஊரில் இருந்துகொண்டே செய்யலாமா என்ற பகுதி. செய்யலாம், நான் செய்கிறேன், ஆனால் இரண்டு விடயத்தை மறைக்கக்கூடாது. முதலாவது, உள்ளூர் வேலை மட்டும் என்றால் வருமானம் ஒரு மட்டத்தில் நின்றுவிடும். கடைக்காரர் மென்பொருளுக்குக் கொடுக்கிற காசும் வெள்ளையடிப்புக்குக் கொடுக்கிற காசும் அவர் கணக்கில் ஒன்றுதான். கிழமையில் பாதியாவது வெளியே இருந்து வருகிற வேலையாக இருக்கவேண்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் ஆக்கள் மூலம் முதல் வேலை வரலாம், இரண்டாவது வேலை நீங்கள் முதலாவதை எப்படி முடித்தீர்கள் என்பதில் வரும். சொந்தக்காரர் என்பதற்காக விலை பேசாமல் தொடங்கிய வேலைகள்தான் எனக்கு ஆகக்கூடிய மனத்தாங்கலைத் தந்தன. எழுத்தில் வாங்குங்கள், மாமாவாக இருந்தாலும். இரண்டாவது ஆங்கிலம். உச்சரிப்பு எப்படியும் இருக்கட்டும். நேற்று என்ன செய்தேன், எங்கே தடைப்பட்டிருக்கிறேன், எப்போது முடியும் என்று ஐந்து வரி எழுதத் தெரியவேண்டும். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில் என் வாடிக்கையாளர்கள் போகாமல் இருந்தது நான் காலையிலேயே அந்த ஐந்து வரியை அனுப்பியதால்தான் என்று நினைக்கிறேன்.

என் எல்லையையும் சொல்லவேண்டும். நான் கணக்கு, சரக்கு, பதிவு சார்ந்த மென்பொருள்காரன். விளையாட்டு மென்பொருள், கருவிகளுக்குள் ஓடுகிற மென்பொருள், ஏஐ மாதிரிகளையே உருவாக்குகிற வேலை, இவற்றில் ஒரு நாளும் சம்பளம் வாங்கியதில்லை. அங்கே போக விரும்பினால் இந்தப் பதிலை ஒரு பக்கம் வைத்துவிட்டு அந்தத் துறைக்காரர் யாரையாவது கேளுங்கள்.

விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு சொல். "பிஎச்பி, மைஎஸ்க்யூஎல், ஏழு வருட அனுபவம்" என்று எழுதினால் என்னைப்போன்றவன் அடுத்த தாளுக்குப் போய்விடுவான். எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு, எத்தனை மாணவர் பதிவுகளை, எத்தனை மணித்தியாலம் நிறுத்தி மாற்றினீர்கள், மாற்றும்போது எது உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். உடைந்ததைக் கட்டாயம் எழுதுங்கள். நேர்முகத்தில் நான் முதலில் கேட்பது அதைத்தான். எதுவும் உடையவில்லை என்கிறவர் எதையும் நகர்த்தியதில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

நகர்த்துகிற வேலை வற்றிப்போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். மைஎஸ்க்யூஎல்லில் திகதியும் நேரமும் வைக்கிற டைம்ஸ்டாம்ப் வகை 2038 ஜனவரி 19 ஓடு முடிகிறது, எங்கள் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கன். இன்றைக்கு எழுதுகிற பதினைந்து வருடக் கடன் ஒப்பந்தத்தின் கடைசித் தவணையை அதில் போட்டால் இப்போதே மாட்டும். உங்கள் அட்டவணைகளில் அந்த வகை எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள், மகள் நித்திரையான பிறகு அரை மணித்தியாலம் போதும். அதோடு சேர்த்து, மாணவர் பெயர்களில் "ஸ்ரீ" எத்தனை விதமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்றும் ஒருக்கா எண்ணிப் பார்த்து இங்கே எழுதுங்கள். எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு எங்கே தொடங்கலாம் என்று சொல்கிறேன்.